குழந்தைக்கு எந்தப் பயிற்சி? ‘கொழுப்பு கரையும் வேகம்’ என்ற கணக்கு எங்கே இடிக்கிறது

பிள்ளையின் எடை வயதுக்கு மீறி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, எந்தப் பயிற்சியில் சேர்ப்பது என்பதுதான். தினமும் நடக்க வைக்கலாமா? நீச்சலில் விடலாமா? அரை நிமிடம் ஓட்டம், அரை நிமிடம் ஓய்வு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது சரிப்படுமா? இல்லை, பந்தைக் கையில் கொடுத்து மைதானத்துக்கு அனுப்பினால் போதுமா?

தேடிப் பார்த்தால் கிடைக்கும் பதில்களில் முக்கால்வாசி பெரியவர்களை மனதில் வைத்து எழுதியவை. மெதுவாகச் செய்தால்தான் கொழுப்பு எரியும் என்று ஒரு கட்சி, மூச்சு முட்ட ஓடினால்தான் எரியும் என்று எதிர்க்கட்சி. இரண்டு பேர் கையில் இருப்பதும் பெரியவர்களை அளந்த அளவுகோல்தான்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருவமடையாத குழந்தைக்குப் பயிற்சி தேடும்போது ‘எது அதிகக் கொழுப்பை எரிக்கும்’ என்ற கேள்வியையே ஒதுக்கி வைத்துவிடலாம். அந்த வேலையைக் குழந்தையின் உடம்பு ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. எந்தப் பயிற்சியைப் பிள்ளை அதிக நேரம் செய்யும், நாளைக்கும் செய்யக் கேட்கும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பருவமடைந்த பிறகு கணக்கு கொஞ்சம் மாறும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மூச்சில் பிடிக்கும் கணக்கு

கொழுப்பு எரிவதைக் கண்ணால் பார்க்க முடியாது, மூச்சில்தான் பிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் குழந்தையை நிலையான சைக்கிளில் உட்கார வைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி ஒன்றை மாட்டிவிடுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெடலின் கனத்தைக் கூட்டுவார்கள். உள்ளே போகும் ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று கருவி பதிந்துகொண்டே வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 0.7 என்றால் எரிவது கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. 1.0 என்றால் முழுக்க மாவுச்சத்து. 0.85 என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நிதானமாக மிதிக்கும்போது 0.8 பக்கத்தில் நிற்கும் எண், கனம் ஏற ஏறத் தானும் ஏறி, பேச்சு வராமல் மூச்சு வாங்கும் கட்டத்தில் ஒன்றைத் தொட்டுவிடும்.

இந்தச் சோதனையில் சிறுவனையும் பெரியவரையும் அவரவர் திறனுக்கு ஒரே விகிதத்தில் உழைக்க வைத்தால் என்ன ஆகும்? சிறுவனின் எண் கீழே நிற்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓடெட் பார்-ஓர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பத்து வயதை ஒட்டிய சிறுவர்களையும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆண்களையும் சைக்கிள் மிதிக்க வைத்து ஒப்பிட்டது. உடல் எடைக்குத் தக்கபடி கணக்கிட்டால் சிறுவர்கள்தான் அதிகக் கொழுப்பை எரித்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சியின்போது இனிப்புப் பானம் கொடுத்தால், அந்தச் சர்க்கரையைப் பெரியவர்களைவிட அதிக அளவில் உடனே எடுத்துப் பயன்படுத்துவதும் சிறுவர்கள்தான்.

காரணம் தசைக்குள் இருக்கிறது. மாவுச்சத்தை ஆக்சிஜன் இல்லாமல் அவசரமாக உடைக்கும் வழி குழந்தைகளுக்கு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. 1938-இலேயே ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடத்தில் சிட் ராபின்சன் ஆறு வயது முதல் தொண்ணூற்றொரு வயது வரை உள்ள ஆண்களை ஓட வைத்துப் பார்த்தார். எவ்வளவு ஓடினாலும் சிறுவர்களின் ரத்தத்தில், அந்த அவசர வழியில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் பெரியவர்கள் அளவுக்கு ஏறவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சுவீடனில் பெங்ட் எரிக்சன் ஒரு படி மேலே போய், 11 முதல் 13 வயதுச் சிறுவர்களின் தொடைத் தசையிலிருந்து துளியளவு மாதிரி எடுத்தே பார்த்துவிட்டார். (இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இதற்குச் சுலபத்தில் கையெழுத்துப் போடாது.) மாவுச்சத்தை உடைக்கும் பாதையில் முக்கியமான நொதி ஒன்று அங்கே குறைவாக இருந்தது. தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனும் பெரியவர்களைவிடக் குறைவு. அவசர வழி குறுகலாக இருப்பதால், தசை ஆக்சிஜனை வைத்துக் கொழுப்பை எரிக்கும் வழியையே பெரிதும் நம்புகிறது.

பிரான்ஸில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 8 முதல் 12 வயதுச் சிறுவர்களைப் பயிற்சியில்லாத ஆண்களோடும் நெடுந்தூர விளையாட்டு வீரர்களோடும் சேர்த்து நிறுத்தியது. சிறுவர்களின் ஆற்றல் முறை, பயிற்சியில்லாத ஆண்களைவிட அந்த வீரர்களுக்குத்தான் நெருக்கமாக இருந்தது. முழு வேகத்தில் மிதித்து முடித்த பிறகு இதயத் துடிப்பு தணிவதிலும் லாக்டேட் கரைவதிலும் சிறுவர்கள் வீரர்களையே முந்தினார்கள். ஓடி ஓடி விளையாடிய பிள்ளை ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஓடுவதையும், கூட ஓடிய அப்பா பெஞ்சைத் தேடுவதையும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

பருவமடையும்போது இந்தச் சலுகை மெல்லக் குறைகிறது. 2008-இல் கனடாவில் வந்த ஆய்வு, ஆண் பிள்ளைகளைப் பருவ வளர்ச்சியின் கட்டங்களை வைத்து ஒப்பிட்டது. பருவம் முன்னேற முன்னேற, கொழுப்பு எரியும் உச்ச அளவும் இறங்கியது. அந்த உச்சம் கிடைக்கும் உழைப்பின் வேகமும் இறங்கியது. ஒன்பது வயதுப் பையன் மிதமாக ஓடும்போதே நிறையக் கொழுப்பை எரிப்பான். பதினாறில் அதே மிதமான ஓட்டத்துக்கு அவன் தசை மாவுச்சத்தைக் கூடுதலாக எடுக்கும்.

ஆகவே ஜிம்மில் ட்ரெட்மில் மேல் ஒட்டியிருக்கும் ‘கொழுப்பு எரியும் துடிப்பு’ அட்டவணையைக் குழந்தைக்குப் பார்க்காதீர்கள். உச்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரமும் பெரியவர்களுக்கானது. குழந்தைகளின் உச்சத் துடிப்பு எட்டு வயதானாலும் பதினாலு வயதானாலும் சராசரியாக 200-ஐ ஒட்டியே நிற்கும். கைக்கடிகாரம் காட்டும் கலோரியும் நம்பும்படி இருக்காது. ஒரே வேகத்தில் நடந்தாலும் குழந்தை ஒரு கிலோ எடைக்குப் பெரியவரைவிட அதிக ஆக்சிஜன் செலவழிக்கும். பெரியவர் கணக்கை வைத்து ஓடும் கடிகாரத்துக்கு அது தெரியாது.

மெதுவான நடையா, தீவிரமான விளையாட்டா?

முதலில் மெதுவாகத்தான் என்ற கட்சியைப் பார்ப்போம். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. நிதானமான வேகத்தில் கொழுப்பின் பங்கு அதிகம்தான். ஆனால் பங்கு வேறு, அளவு வேறு. ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளை அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடக்கிறது. நிமிடத்துக்கு 0.8 லிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 5 கலோரி. ஆக நிமிடத்துக்கு 4, அரை மணிக்கு 120. மூச்சுக் கருவி 0.82 காட்டினால் அதில் 60 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது. அதாவது 72 கலோரி, 8 கிராம் கொழுப்பு.

அதே பிள்ளை அரை மணி நேரம் ஓடிப் பிடித்து விளையாடுகிறது, பந்து துரத்துகிறது. நடுவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரியாக 1.4 லிட்டர் ஆக்சிஜன். அரை மணிக்கு 210 கலோரி. எண் 0.90-க்கு ஏறிவிட்டது, கொழுப்பின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் எரிந்த கொழுப்பு ஏழரை கிராம்.

எட்டுக்கும் ஏழரைக்கும் எவ்வளவு தூரம்? கொழுப்பில் வித்தியாசம் அரை கிராம், மொத்த ஆற்றலிலோ 90 கலோரி. விளையாட்டில் கூடுதலாகச் செலவானது கிளைகோஜன். அடுத்த வேளை சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி, காலியான அந்தச் சேமிப்பை நிரப்பத்தான் போகும். அந்த நேரத்தில் உடம்பு தன் சாதாரணச் செலவுக்குக் கொழுப்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வலது பையிலிருந்து கொடுத்தாலும் இடது பையிலிருந்து கொடுத்தாலும் ராத்திரி எண்ணும்போது கையில் இருப்பது ஒன்றுதான். பயிற்சி நடக்கும் அரை மணியில் என்ன எரிந்தது என்பதைவிட, ஒரு நாளில் என்ன வந்தது, என்ன போனது என்பதே உடம்பில் நிற்கிறது.

அப்படியானால் நடை வீணா? இல்லவே இல்லை. எடை மிக அதிகமாக இருக்கும் பிள்ளைக்கு, மூச்சு சீக்கிரம் வாங்கும் பிள்ளைக்கு, மற்றவர்கள் முன்னால் ஓடக் கூச்சப்படும் பிள்ளைக்குத் தொடக்கம் நடையாகவோ சைக்கிளாகவோ நீச்சலாகவோ இருப்பதுதான் நல்லது. சைக்கிளிலும் தண்ணீரிலும் உடம்பின் பாரம் முட்டியில் விழாது. நீச்சலில் எடையுள்ள பிள்ளைக்கு ஒரு சாதகமும் உண்டு: மிதப்பது சுலபம். தரையில் கடைசியாக வருகிற பிள்ளை தண்ணீரில் நடுவில் வரும். அந்தப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் நீச்சல் உடையில் நிற்பதே சில பிள்ளைகளுக்குப் பெரிய வேதனை. கேட்காமல் சேர்த்துவிடாதீர்கள்.

நடையின் உண்மையான பலவீனம் சலிப்பு. பெரியவர்களுக்கு நடக்கும்போது யோசிக்கவும் பேசவும் ஏதோ இருக்கிறது. எட்டு வயதுக்கு வட்டமடித்து நடப்பது தண்டனை மாதிரிதான். இரண்டு வாரம் நடக்கும், மூன்றாம் வாரம் கால் வலிக்கும், நாலாம் வாரம் மழை வரும். எங்காவது போய்ச் சேர்வதற்கான நடையாக இருந்தால் கதை வேறு. பள்ளிக்கோ நூலகத்துக்கோ நண்பன் வீட்டுக்கோ நடந்து போகிற பிள்ளைக்கு அது பயிற்சி என்றே தெரியாது.

விசில் ஊதி ஓட வைப்பது

அடுத்தது எதிர்க்கட்சி: குறுகிய நேரம் முழு வேகம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி வேகம். பிள்ளைகளிடம் இது வேலை செய்யும். குறைந்த நேரத்திலேயே மூச்சுத் திறன் நன்றாகக் கூடும். ஆனால் உடம்புக் கொழுப்பைக் குறைப்பதில், அதே அளவு ஆற்றலைச் செலவழிக்கும் சீரான பயிற்சியைவிட இது பெரிதாக மேல் என்று சொல்ல இடமில்லை. ‘பயிற்சி முடிந்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும்’ என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அப்படி ஒரு மிச்ச எரிப்பு இருக்கிறது என்பது உண்மை; அது சிறியது என்பதும் உண்மை.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறையைக் குழந்தைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையே இல்லை. 1995-இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளை மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்து, சில விநாடிக்கு ஒருமுறை என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். தீவிரமான அசைவு ஒவ்வொன்றும் நீடித்த நேரத்தின் இடைநிலை அளவு 3 விநாடி. அப்படிப்பட்ட அசைவுகளில் 95 சதவீதம் 15 விநாடிக்குள் முடிந்துவிட்டன. ஒரு பாய்ச்சல், ஒரு நிற்பு, ஒரு கத்தல், மறுபடி ஒரு பாய்ச்சல். இதுதான் குழந்தையின் இயல்பான தாளம். நாம் காசு கொடுத்து வாங்கும் இடைவெளிப் பயிற்சியைப் பிள்ளைகள் சும்மாவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு விசிலும் நிறுத்துக் கடிகாரமும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒருநாள் போட்டி மாதிரி வைத்தால் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள், தினமும் வைத்தால் ஒளிந்துகொள்வார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் இது நல்ல தேர்வாகிவிடும். படிப்பு நேரத்தைத் தின்னும் வயது அது. இருபது நிமிடத்தில் முடிகிற விஷயம் கையில் இருப்பது உதவும். தன் நேரத்தைத் தானே அளந்து, போன வாரத்தைவிட எவ்வளவு முன்னேறினோம் என்று பார்க்கும் ஆசையும் அந்த வயதில்தான் வருகிறது.

விளையாட்டு: என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு

2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். எடை கூடுதலாக இருந்த, அதிகம் அசையாத 222 குழந்தைகள், வயது 7 முதல் 11. மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு பள்ளி முடிந்ததும் தினமும் 20 நிமிடம், ஒரு பிரிவு 40 நிமிடம், ஒரு பிரிவு வழக்கம்போல. வாரம் ஐந்து நாள், சுமார் 13 வாரம். பயிற்சி என்று கொடுத்தது எல்லாம் ஓடிப் பிடிக்கும் விளையாட்டு, கயிறு தாண்டுதல், விதிகளைத் தளர்த்திய கூடைப்பந்து, கால்பந்து. போட்டியும் திறமையும் முக்கியமில்லை, துடிப்பு 150-க்கு மேல் இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவில் பயிற்சி செய்த இரண்டு பிரிவிலும் உடம்புக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத நிலை) குறைந்தன. 40 நிமிடம் விளையாடியவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது.

இதில் யாரும் யாருக்கும் கொழுப்பு எரியும் வேகத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. நிமிடம் கூடியது, பலனும் கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இதே திசையில்தான்: 5 முதல் 17 வயது வரை, வாரம் முழுவதும் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான அசைவு, அதில் வாரம் மூன்று நாளாவது தீவிரமானதும் தசை, எலும்பை வலுவாக்குவதும் இருக்க வேண்டும். அறுபது நிமிடமும் ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை.

நிபந்தனை என்னவென்றால், பிள்ளை விளையாட்டில் இருந்தால் மட்டும் போதாது, ஓட வேண்டும். எடையுள்ள பிள்ளையைக் கால்பந்தில் கோல் காக்க நிறுத்துவார்கள். ஒரு மணி நேர ஆட்டத்தில் அந்தப் பிள்ளை எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஒருநாள் ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள், திகைத்துப் போவீர்கள். மாட்டினால் அவுட், வெளியே உட்கார் என்கிற ஆட்டங்கள் இன்னும் மோசம். யாருக்கு அசைவு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே போய் உட்காரும். நன்றாக ஓடுகிறவன் கடைசி வரை ஓடுவான். வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கும் பயிற்சி வகுப்புகளும் இப்படித்தான்: ஒரு மணி நேர வகுப்பு, பதினைந்து நிமிட அசைவு.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. அணியைச் சின்னதாக்குங்கள், பத்துக்குப் பத்து ஆடுவதைவிட மூன்றுக்கு மூன்று ஆடினால் எல்லோர் காலுக்கும் பந்து வரும். அவுட்டானவர் வெளியேறாமல் எதிரணியில் சேர்கிற மாதிரி விதியை மாற்றுங்கள். கோல் காப்பவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கோப்பை வாங்கினார் என்று கேட்காதீர்கள். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

குழு விளையாட்டே ஒத்துவராத பிள்ளைகளும் உண்டு. நடனம், பாறையேற்றம், ஸ்கேட்டிங், தற்காப்புக் கலை என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. பிள்ளைக்கே ஒன்று பிடித்துவிட்டால், கலோரியில் அது கொஞ்சம் பின்தங்கினாலும் அதையே எடுங்கள்.

எடை தூக்கலாமா? வெறும் வயிற்றில் ஓடலாமா?

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்ற பயம் பழையது, ஆதாரமில்லாதது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, முறை சரியாக இருந்து, பளு படிப்படியாக ஏறினால் ஏழு, எட்டு வயதிலேயே தொடங்கலாம். பருவமடையும் முன் தசை பருத்து வராது. நரம்பு தசையை ஏவும் விதம் மேம்பட்டு வலு கூடும். பயிற்சி நேரத்தில் எரியும் கொழுப்பைப் பார்த்தால் இது கடைசி இடம்தான். ஆனால் எடையுள்ள பிள்ளைக்கு இது ஒரு ரகசிய நன்மை தரும். வகுப்பில் அதிக வலு பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத்தான் இருக்கும். ஓட்டத்தில் தோற்றே பழகிய பிள்ளை ஜெயிக்கிற ஒரே இடமாகவும் அது இருக்கலாம். பருவமடைந்த பிறகு இதன் மதிப்பு இன்னும் ஏறும். வாரம் இரண்டு மூன்று நாள் கட்டாயம் வையுங்கள் என்பேன்.

வெறும் வயிற்றுப் பயிற்சிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சாப்பிடாமல் இருந்தால் இன்சுலின் தாழ்ந்து, கொழுப்பு சுலபமாக வெளியே வரும். அது வரை சரி. ஆனால் குழந்தையின் கிளைகோஜன் கையிருப்பு சின்னது, மூளையின் செலவோ பெரியது. ஐந்து வயதை ஒட்டி, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. பட்டினியைக் குழந்தை பெரியவரைப்போல் நீண்ட நேரம் தாங்காது. தலைசுற்றல், எரிச்சல், அப்புறம் கண்டதையும் தின்பது, இதுதான் மிச்சம். டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இது நேரடி ஆபத்து. எந்தப் பயிற்சியானாலும் அவர்கள் டாக்டரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு: ஆட்டத்துக்கு முன்பும் நடுவிலும் கொடுக்கும் இனிப்புப் பானம். சர்க்கரை இன்சுலினை ஏற்றும், இன்சுலின் கொழுப்பை வெளியே விடாது. முன்னே சொன்ன ஆய்வில் பார்த்தபடி குழந்தையின் தசையும் வந்த சர்க்கரையை உடனே பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சாதாரண விளையாட்டுக்குத் தண்ணீர் போதும்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது

ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. மேலே சொன்ன அரை மணி விளையாட்டு தினமும் நடந்தால் 37 நாளில் ஒரு கிலோ என்று காகிதத்தில் வரும். உடம்பு காகிதப்படி நடக்காது. பசி கூடும், விளையாடிவிட்டு வந்த பிள்ளை மிச்ச நேரம் சோபாவில் கிடக்கும். உடம்பு உள்ளுக்குள்ளேயும் செலவைச் சரிக்கட்டும். ஈக்வடாரின் அமேசான் காட்டில் வாழும் ஷுவார் மக்களின் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட நிறைய அசைகிறார்கள். இருந்தும் இரு தரப்பும் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த ஆற்றல் ஏறக்குறைய சமம் என்று 2019-இல் அளந்து சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு அப்போது எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். தராசு முள் அசையாவிட்டாலும் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்கத் தொடங்கும், கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு குறையும், மூச்சு நீளும், எலும்பு இறுகும். எடையை இறக்கும் பாரத்தில் பெரும்பகுதி சாப்பாட்டின் மேலும் தூக்கத்தின் மேலும்தான் விழுகிறது.

வளரும் பிள்ளைக்குப் பல சமயம் எடை இறங்கவே வேண்டியதில்லை. எடை அப்படியே நின்று, உயரம் ஏறினாலே விகிதம் சரியாகிவிடும். ஆகவே வாராவாரம் தராசில் ஏற்றாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி முடிவு எடுக்கலாம். பத்து வயதுக்குள், ஆரோக்கியமான பிள்ளை என்றால் விளையாட்டு. நிமிடத்தை மட்டும் கவனியுங்கள். எடை மிக அதிகம், முட்டி நோகிறது, கூச்சம் அதிகம் என்றால் முதல் இரண்டு மூன்று மாதம் சைக்கிளோ நீச்சலோ, கூடவே கொஞ்சம் வலுப் பயிற்சி. மூச்சு பிடிபட்ட பிறகு விளையாட்டு. பருவமடைந்த பையனுக்கு வலுப் பயிற்சியும் இடைவெளி ஓட்டமும், பிடித்த விளையாட்டு ஒன்றும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் போதிய அசைவு இல்லாதவர்கள் உலக அளவில் பையன்களில் 78 சதவீதம் என்றால் பெண்களில் 85 சதவீதம். பதின்வயதில் மைதானத்தை விட்டு விலகுகிறார்கள். அவர்களுக்கு எந்தப் பயிற்சி என்பதைவிட யாரோடு, எங்கே, என்ன உடையில் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதைக் கேட்டு ஏற்பாடு செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்து, மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ பயிற்சியைக் குறைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், எடை கூடிய பதின்வயதுப் பிள்ளை இடுப்பு, தொடை அல்லது முட்டி வலி என்று சொல்லி, நடையில் சின்ன நொண்டலும் தெரிந்தால் ‘பயிற்சி வலிதான், பழகிவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. தொடை எலும்பின் தலைப்பகுதி, வளர்ச்சித் தட்டில் மெல்ல நழுவும் கோளாறு ஒன்று இந்த வயதில், இந்த எடையில்தான் அதிகம் வரும். கோளாறு இடுப்பில் இருக்கும், வலி முட்டியில் தெரியும். அதனாலேயே பலமுறை தவறிப்போகிறது. அன்றைக்கே ஓட்டத்தையும் நடையையும் நிறுத்தி, கால் ஊன்ற விடாமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போய், இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.